மூச்சை எண்ணாமல் 20 என்று எழுதினால்

காலை ரவுண்டுக்கு முன் செவிலிய மாணவிகள் நிரப்பி வைக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு அட்டவணையைப் பாருங்கள். பல வார்டுகளில் எல்லா நோயாளிக்கும் மூச்சு 20 என்றே இருக்கும். மூச்சை எண்ண முழுதாக ஒரு நிமிடம் வேண்டும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். முப்பது கட்டில் உள்ள வார்டில் இது அரை மணி நேர வேலை. உடல்நிலை மோசமாகப்போவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சுதான். எனவே எண்ணாமல் எழுதுவதை விடப் பெரிய ஒழுங்கீனம் பயிற்சிக் காலத்தில் இல்லை என்பேன். ஆனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மாணவிகள் அதிகம் திட்டு வாங்குவது கொண்டைக்கும் கைபேசிக்கும்தான்.

இலங்கையில் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் சுகாதார அமைச்சின் கீழ் நடப்பவை. யாழ்ப்பாணமானாலும் மட்டக்களப்பானாலும் ஏற்பாடு ஒன்றே. உயர்தரம் சித்தியடைந்தவர்களை அமைச்சே தெரிவுசெய்கிறது. மூன்று ஆண்டுப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, மாதக் கொடுப்பனவும் உண்டு; பதிலுக்கு அரச சேவையில் பணியாற்ற ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகப் பட்டப் படிப்பு வேறு வழி. ஆக, வைத்தியசாலையில் நிற்கும் மாணவி நாளை அதே சேவைக்கு வரப்போகிறவள். பொறுப்புத் தாதி அவளிடம் வேலை வாங்குவார், கண்டிப்பார், கட்டிலருகிலேயே திருத்துவார். ஆனால் பயிற்சி தருபவரும் நாளை வேலை தருபவரும் ஒருவரே என்பதால், பிழையை ஒப்புக்கொண்டால் அது உத்தியோகம் வரை தொடருமோ என்ற பயமும் கூடவே இருக்கும்.

தமிழ்நாட்டில் நர்சிங் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவிகள் பலர் கல்லூரிப் பேருந்தில் வேறொரு மருத்துவமனைக்கு வந்து இறங்குகிறார்கள். வார்டு சிஸ்டருக்கு அவர்கள் விருந்தாளிகள். பேர் தெரிவதற்குள் போஸ்டிங் முடிந்துவிடும். ஒழுங்கின் பிடி முழுவதும் டியூட்டர் கையில், வருகைப் பதிவிலும் இன்டர்னல் மதிப்பெண்ணிலும் இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தேர்வெழுத 80 சதவீத வருகை போதும்; பட்டம் பெறச் செய்முறைப் பயிற்சியில் 100 சதவீதம் வேண்டும். நல்ல விதிதான். ஆனால் வார்டில் நின்றதை அது கணக்கெடுக்குமே தவிர, அங்கே என்ன செய்தாள் என்பதை அல்ல. அதனால்தான் செய்முறை ரெகார்டில் கையெழுத்து வாங்குவதே பலருக்குப் பெரிய வேலையாகிவிடுகிறது.

இரண்டில் இலங்கை ஏற்பாடே மேல் என்பது என் எண்ணம். நோயாளியின் அருகில் நிற்பவரே திருத்தும் இடத்தில்தான் நடத்தை படியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் இரு நாடும் ஒன்றுதான். பக்கத்துக் கட்டில் நோயாளியின் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்ட மாணவி உடனே சொன்னால் மருத்துவர் ஏதாவது செய்ய முடியும். மறைத்தால் முடியாது. அவள் சொல்ல வந்தால் எழும் முதல் கேள்வி, "யார் கொடுத்தது?" என்பதாகவே இருக்கிறது. நோயாளி எப்படி இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். பொய்யாக எழுதியவளை எவ்வளவு வேண்டுமானாலும் கண்டியுங்கள். தானாக வந்து பிழையைச் சொன்னவளைத் தண்டிக்காதீர்கள் என்பதே இரு நாட்டு ஆசிரியைகளிடமும் என் வேண்டுகோள்.