கணினிப் பெட்டிக்கு மரவேலை தகுமா?

கணினிக்கு மரப்பெட்டி புதிய மோகமன்று. 1976-இல் ஆப்பிள் 1 வெறும் சர்க்யூட் பலகையாகவே விற்பனைக்கு வந்தது. பெட்டியை வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும். பலர் மரத்தில் செய்துகொண்டார்கள். 2022-இல் ஸ்வீடனின் ஃபிராக்டல் டிசைன் நிறுவனம் வால்நட், ஓக் மரச் சட்டங்களை முகப்பில் வைத்து 'நார்த்' என்ற பெட்டியை வெளியிட்டது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கேரள-தமிழ்நாட்டு எல்லைக் கிராமங்களில் இந்த ஆசையை எடைபோடுவது தனிச் சுவை. அங்கே மரமும் உண்டு, மரத்தைச் சோதிக்கும் மழையும் உண்டு.

இந்த நிலப்பகுதி 1956 நவம்பர் 1-இல் பிரிந்தது: விளவங்கோடு வட்டம் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தச்சு மரபுக்கு அந்த எல்லை இல்லை. தமிழ்நாட்டு மண்ணில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. அதன் முகப்பு மண்டபமான பூமுகத்தின் மேற்கூரையில் 90 வகை மலர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆலோசனைக் கூடமான மந்திரசாலையின் மர அழிகளோ வெயிலை மறித்துக் காற்றை உள்ளே விடுகின்றன. முன்னது பார்வைக்கு, பின்னது பயனுக்கு. கணினிப் பெட்டிக்குப் பின்னதே பாடம்.

காரணம் வெப்பம். ஆப்பிள் 1-இன் செயலி ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில்தான் ஓடியது, அதனால் சூடும் குறைவு. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 450 வாட் வரை இழுக்கும். மரம் சூட்டைத் தேக்கும் என்ற குற்றச்சாட்டு பாதி உண்மைதான். தகரப் பெட்டியிலும் சுவர் வழியே போகும் சூடு கொஞ்சமே. பெரும்பகுதியை வெளியேற்றுவது விசிறிகள் ஓட்டும் காற்று. ஆகவே காற்று நுழையும் முகப்பை மூடி ஒட்டிய செதுக்குப் பலகை கேடு; இடைவெளி விட்ட அழிகளும் பின்னால் தூசு வலையும் கேடில்லை.

அடுத்த குறை ஈரம். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையிலும் துலா மழை எனும் வடகிழக்குப் பருவமழையிலும் மரம் குறுக்குவாட்டில் ஊதும், வெயிலில் சுருங்கும். உட்புறம் கணினியின் சூட்டில் காய, வெளிப்புறம் ஈரம் குடித்தால் பலகை வளையும். முழுப் பரப்பையும் பசையால் தகரத்தோடு ஒட்டக்கூடாது; நீள்துளையிட்டுத் திருகாணியால் பிடித்தால் மரம் அசைய இடமிருக்கும். நன்றாக உலர்ந்த தேக்கோ பலாவோ தாங்கும். மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரத்தைப் போரான் ஏற்றாமல் பயன்படுத்தினால் வண்டு துளைக்கும், பூசணம் கறுக்கும்.

முழுப்பெட்டியையும் மரத்தில் செய்வதுதான் பெரும் பிழை. உலோகக்கூடு மின்காந்த இரைச்சலை அடக்குகிறது, எர்த் இணைப்புக்கு வழி தருகிறது, பவர் சப்ளை பழுதாகித் தீப்பொறி பறந்தால் தடுக்கிறது. மரம் இவற்றில் எதையும் செய்யாது.

இத்தனைக்கும் ஈடாக ஒரு நன்மை உண்டு. மதர்போர்டுகளுக்கான ஏடிஎக்ஸ் அளவுமுறை 1995-இல் வந்தது. 305-க்கு 244 மில்லிமீட்டர் சர்க்யூட் பலகையும் அதன் திருகுத் துளைகளும் இன்றும் மாறவில்லை. உள்ளிருக்கும் கருவிகள் சில ஆண்டுகளில் பழசாகிவிடும், பெட்டி அப்படியல்ல. ஆசாரியின் உழைப்பு வீண்போகாத இடம் அது.

என் தீர்ப்பு இது: எலும்புக்கூடு இரும்பாகவே இருக்கட்டும். முகப்பும் கைப்பிடியும் பாதக்கட்டைகளும் மரமாகட்டும். காற்றை மறிக்கும் மரவேலை எவ்வளவு நுணுக்கமானாலும் அது கணினிக்கு ஆகாது.