உராய்வு: செய்தித்தாளில் ஒன்று, செய்முறை நோட்டில் இன்னொன்று

விருதுநகர் மாவட்டத்துல பட்டாசு ஆலை விபத்துச் செய்தி வந்தா, பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: மருந்தில் உராய்வு ஏற்பட்டது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். பேர் தெரிந்த பெரிய விபத்துகள் இவை. இடையில் நடந்த சின்ன விபத்துகள் பல.

உராய்வு என்பது அறிவியல் பாடச் சொல்லும்கூட. ஆலையில் வேலை பார்ப்பவரின் பிள்ளை அதைப் படித்து, தேர்வெழுதி, மார்க்கும் வாங்கிவிடுகிறது. ஆனால் புத்தகத்தில் இருக்கும் உராய்வும் அப்பா வேலை செய்யும் அறையில் நடக்கும் உராய்வும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்கு எங்கே தெரியும்? செய்முறை வகுப்பில்தான் தெரிய வேண்டும். அங்கே தெரிவதில்லை என்பதுதான் என் விமர்சனம்.

பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். திருப்புத்திறன் தத்துவத்தால் எடை காண்பது, குவிலென்சின் குவியத்தொலைவு, கம்பியின் மின்தடை எண், உப்பின் கரைதிறன், கரைசல் அமிலமா காரமா என்று பார்ப்பது. மோசமான பட்டியல் இல்லை. உப்பு கரையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறதா, எடுத்துக்கொள்கிறதா என்று வெப்பமானி வைத்துப் பார்ப்பது உண்மையிலேயே நல்ல சோதனை.

சிக்கல் என்னவென்றால், எல்லாவற்றிலும் முடிவு முன்பே தெரியும். நான் சாஃப்ட்வேர் தொழிலில் இருப்பவன். எப்போது ஓட்டினாலும் பாஸ் ஆகும் டெஸ்ட் கேஸை நாங்கள் நம்ப மாட்டோம். அது எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று மனப்பாடமாக எழுதும் நோட்டும் அப்படித்தான்.

இத்தனைக்கும் பாடம் கைவசம் இருக்கிறது. சலவைக்கல் துண்டைவிட அதன் பொடி அமிலத்தோடு வேகமாக வினைபுரியும் என்று அதே பத்தாம் வகுப்புப் புத்தகம் சொல்கிறது. ஈரம் உறிஞ்சும் பொருள்கள் பற்றியும் சொல்கிறது. பட்டாசு மருந்தை ஏன் அவ்வளவு நைஸாக அரைக்கிறார்கள், ஈரமான மருந்தைக் கண்டால் ஏன் பயப்படுகிறார்கள் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் மெல்ல வினை தொடங்கிச் சூடேறும். அதைத் தடுக்கத்தான் போரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம்.

இதைக் கற்றுக்கொடுக்க ஒரு சிட்டிகை மருந்துகூடப் பள்ளிக்குள் வர வேண்டாம், வரவும் கூடாது. மூன்று சோதனை சொல்கிறேன்.

ஒன்று: சத்துணவு முட்டையின் ஓடு. ஒரே எடையில் பாதியைத் துண்டாகவும் பாதியைப் பொடியாகவும் எடுத்து, வினிகரில் போட்டு எது முதலில் நுரைத்து ஓய்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு: பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுப்பது. வெயில் நாளிலும் மழை நாளிலும் எத்தனை துணுக்கு ஒட்டுகிறது என்று எண்ணி எழுதட்டும். அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொடுவதும், நைலான் வேண்டாம், பருத்தி உடுத்து என்பதும் ஏன் என்று அப்புறம் கேட்கலாம்.

மூன்று: துணி துவைக்கும் பவுடர். ஒரு ஸ்பூனையும் பத்து ஸ்பூனையும் தனித்தனியே குவித்து, அதே விகிதத்தில் தண்ணீர் விட்டு, வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். கையால் தொட வேண்டாம். சூடு எதில் அதிக நேரம் தங்குகிறது? மருந்தைக் குவித்து வைக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கையாள வேண்டும் என்ற விதியின் ஒரு காரணம் அதில் இருக்கிறது.

இப்படிச் செய்துபார்த்த முன்னோடிகள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கியது. பிள்ளைகள் சுற்றுப்புறத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்துச் சோதனை செய்தார்கள், புத்தகத்தைத் திறந்து வைத்துத் தேர்வு எழுதினார்கள். கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா 1978-ல் அங்கே போனார். சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் இணைத்து முக்கோணம், சதுரம், கூண்டு என்று உருவாக்கும் முறை அங்கேதான் பிறந்தது. சிவகாசி, சாத்தூர் பக்கம் தீக்குச்சிக்கா பஞ்சம்? அந்த யோசனை ஹோஷங்காபாத்தில் பிறந்ததுதான் வேடிக்கை.

அந்தத் திட்டத்தை 2002-ல் அரசு மூடிவிட்டதே என்று கேட்கலாம். மூடியது உண்மை. ஆனால் முப்பது வருடம் அரசுப் பள்ளிகளில், சாதாரண ஆசிரியர்களை வைத்தே நடந்தது என்பதும் உண்மை. அதற்காக ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். செலவு உபகரணத்தில் அல்ல, அந்தப் பயிற்சியில்தான்.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரைக்கும் சோதனைகளைக் கொண்டு வருகிறது. நல்ல விஷயம். ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு மேல், பிள்ளை ஆலை வேலையை நெருங்கும் வயதில், மறுபடியும் மார்க் வந்து குறுக்கே நிற்கிறது.

மாநிலம் முழுக்க ஒரே பட்டியல் இருக்கட்டும். அதில் ஒரே ஒரு இடத்தை மாவட்டத்துக்கு விட்டுக்கொடுங்கள். நாகப்பட்டினத்துப் பிள்ளை உப்பளத்தைச் சோதிக்கட்டும், திருப்பூர்ப் பிள்ளை சாயக் கழிவை. சிவகாசிப் பிள்ளைக்கு மேலே சொன்ன மூன்றே போதும். பள்ளியில் முட்டை ஓட்டைப் பொடி செய்து பார்த்த பெண், நாளைக்கு ஃபோர்மேன் அவசரப்படுத்தும்போது "இல்லண்ணே, இவ்வளவையும் ஒரே இடத்துல குவிக்கக் கூடாது"ன்னு காரணத்தோட சொல்லுவா. செய்முறைக்கான அந்த 25 மார்க்கை அதுக்குத்தான் கொடுக்கணும்.