வோல்வோ பென்டா 130எஸ் செயில்டிரைவ்: பராமரிப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

பாய்மரப் படகின் டீசல் இயந்திரம் புரொப்பெல்லரைச் சுழற்ற நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்தது, படகின் பின்புறம் நோக்கிச் சாய்ந்து இறங்கும் நீண்ட தண்டாகும். செயில்டிரைவ் அத்தண்டைத் தவிர்த்து, படகின் அடிப்பகுதியில் உள்ள துளை வழியே நேராக நீருக்குள் இறங்கும் அலுமினியக் கால் ஒன்றினூடாக, சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் பெவல் கியர்களைக் கொண்டு விசையைக் கடத்துகிறது. சுவீடனின் வோல்வோ பென்டா நிறுவனம் டி1, டி2 வரிசைச் சிறு இயந்திரங்களுடன் இணைத்துத் தரும் 130எஸ் இவ்வகையைச் சார்ந்தது.

தண்டுக்கும் இயந்திரத்துக்கும் நேர்கோடு பார்க்கும் வேலை இதில் இல்லை. தண்டு வெளியேறும் இடத்தில் நீர் சொட்டுவதும் இல்லை. உந்துவிசை ஏறத்தாழக் கிடைமட்டமாக அமைவதால் திறன் வீணாவது குறைகிறது. எனினும் புரொப்பெல்லர் சுக்கானிலிருந்து வெகுவாக முன்தள்ளி நிற்பதால், துறைமுகத்தின் குறுகிய இடத்தில் நீரோட்டத்தைச் சுக்கானின் மீது பாய்ச்சித் திருப்பும் வசதி குன்றுகிறது.

உரிமையாளர்கள் பெரிதும் அஞ்சுவது, அடிப்பகுதித் துளையை அடைத்து நிற்கும் ரப்பர் சவ்வைக் குறித்தே. அதனை ஏழாண்டுக்கு ஒருமுறை மாற்றுமாறு நிறுவனம் பரிந்துரைக்கிறது. படகைக் கரையேற்றி, இயந்திரத்தை முன்னோக்கி நகர்த்தியே இதனைச் செய்ய இயலும் என்பதால், செலவில் பெரும்பங்கு உதிரிப்பாகத்தைவிடக் கூலிக்கே செல்கிறது. ஆயினும் ரப்பரைக் கெடுக்கும் எண்ணெய் தேங்காதவாறு படகின் அடியறையைத் துடைத்துவைத்தால், சவ்வு எளிதில் ஏமாற்றுவதில்லை.

உண்மையான பகை மின்வேதி அரிப்பு. இருவேறு உலோகங்கள் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டு உப்புநீரில் நிற்கும்போது, அவற்றுள் எளிதில் கரையும் உலோகம் தன்னை இழந்து மற்றதைக் காக்கிறது. அந்த இழப்பைக் காலின் அலுமினியத்துக்குப் பதிலாக ஏற்கவே புரொப்பெல்லருக்கு அருகில் துத்தநாக வளையம் பொருத்தப்படுகிறது. பால்டிக் போன்ற உப்புக் குறைந்த நீரில் துத்தநாகம் சோம்பிவிடுவதால் அலுமினிய வளையமும், நன்னீரில் மக்னீசிய வளையமும் வேண்டும். செம்பு ஆக்சைடு கலந்த பாசித்தடுப்பு வண்ணத்தை அலுமினியக் காலில் பூசுவது அரிப்பை வலிந்து அழைப்பதாகும். மின்தடுப்புக் கருவியின்றிக் கரை மின்சாரத்தில் இணைத்த படகில், அதன் நிலக்கம்பி அண்டைப் படகின் உலோகங்களோடும் தொடர்பை ஏற்படுத்துவதால், வளையம் எதிர்பாராத வேகத்தில் தேய்கிறது. மடிப்புப் புரொப்பெல்லருக்கான வளையம் இரு பாதிகளாக வருகிறது. அதனால் புரொப்பெல்லரைக் கழற்றாமலே மாற்றலாம் என்பது இவ்வமைப்பின் பாராட்டத்தக்க சிறு நுட்பம்.

கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், புரொப்பெல்லர் தண்டின் ஆயில் சீல்களினூடே நீர் புகுந்துள்ளது என்பது பொருள். பெரும்பாலும் சிக்கிய தூண்டில் நரம்பே அவற்றை அறுத்திருக்கும். பழைய படகு வாங்குவோர் சவ்வு மாற்றிய ஆண்டைக் கேட்பதோடு நின்றுவிடாமல், கரையேற்றிய காலின் வண்ணத்தைச் சுரண்டி, அடியில் வெண்பொடியும் குழிகளும் உள்ளனவா என்று பார்த்தே விலை பேசுதல் நன்று. சவ்வை மாற்றிவிடலாம், குழிவிழுந்த காலுக்கோ புதிய கால்தான் வழி.