கறுப்புக் காய், 39 நகர்த்தல், அப்பப்பா!

2022 பிப்ரவரியில் இணையவழியில் நடந்த ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் ரேபிட் போட்டியின் எட்டாவது சுற்றை நேரலையில் பார்த்த பாக்கியசாலி நான். இன்றைக்கும் யாராவது செஸ் என்று வாயைத் திறந்தால் போதும், அந்த ஆட்டத்தைச் சொல்லாமல் விடமாட்டேன்! வெள்ளைக் காயில் அன்றைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன், வரிசையாக மூன்று ஆட்டங்களை வென்ற வேகத்தில். கறுப்பில் நம் சென்னைப் பிள்ளை பிரக்ஞானந்தா, வயது 16. அதுவரை ஆடிய ஏழில் நான்கு தோல்வி, இரண்டு டிரா. கிராண்ட்மாஸ்டர் ஆரோனியனை வீழ்த்திய ஒரே ஒரு வெற்றி. இருவர் ரேட்டிங்குக்கும் நடுவே சுமார் 250 புள்ளி. அவ்வளவு இடைவெளி இருந்தால் பத்து ஆட்டத்தில் எட்டுப் புள்ளி ரேட்டிங்கில் பெரியவருக்குப் போகும் என்கிறது எலோ ரேட்டிங் கணக்கு.

அப்படிப்பட்டவர் எதிரே இருக்கையில் பையன் எடுத்தது டாராஷ் தடுப்பு! கறுப்பின் நடுச் சிப்பாய் துணையில்லாமல் தனித்துப்போகும் அபாயம் உள்ள ஆட்டமுறை அது. பதிலுக்குக் காய்கள் தாராளமாக வெளியே வரும். டிரா போதும் என்று பதுங்க நினைப்பவர் அந்தப் பக்கமே போகமாட்டார்.

ரேபிட்டில் ஜெயிப்பது வெறும் அதிர்ஷ்டம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி கூடுதல். கடிகாரம் இருவரையும்தானே நெருக்குகிறது? உலக சாம்பியன் சறுக்கினால் எதிராளிக்கு முதலில் வருவது சந்தேகம்: பொறி வைக்கிறாரோ? அந்தச் சந்தேகத்திலேயே நேரத்தைக் கரைத்தவர்கள் எத்தனை பேர்! பிரக் கரைக்கவில்லை. தன் கணக்கை நம்பினான், பிடித்த பிடியை விடவில்லை. 39 நகர்த்தலில் கார்ல்சன் தோல்வியை ஒப்புக்கொண்டபோது இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. எனக்குத் தூக்கம் எங்கே வரும்?

ஒருமுறை நடந்தது என்று ஒதுக்குவதற்கும் வழியில்லை. அதே ஆண்டு மே மாதம் செஸ்ஸபிள் மாஸ்டர்ஸில் கார்ல்சனை மறுபடி வென்றான். அதில் கார்ல்சன் குதிரையைத் தவறாக நகர்த்தினார் என்பது உண்மைதான். சரி, ஆகஸ்டில் மயாமியில் நடந்ததற்கு என்ன சொல்வார்கள்? எஃப்டிஎக்ஸ் கிரிப்டோ கோப்பையின் கடைசிச் சுற்று, எதிரே மீண்டும் கார்ல்சன். பின்தங்கியிருந்தவன் கடைசி ரேபிட் ஆட்டத்தை வென்று 2-2 ஆக்கினான். அடுத்த இரண்டு அதிவேக பிளிட்ஸ் ஆட்டங்களும் அவனுக்கே. கார்ல்சனை அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில்!