ஒரு கப்பலின் நடுத்துண்டு

கப்பல் மாதிரி என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் பாய்களை விரித்துக்கொண்டு நிற்கும் முழுக்கப்பல்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அதைவிட உயர்ந்த வேலையாகத் தோன்றுவது, கப்பலின் நடுவில், பெரிய பாய்மரம் நிற்கிற இடத்தில், குறுக்கே அறுத்து எடுத்ததுபோல் செய்யப்படும் ஒரு துண்டு. அடியில் முதுகெலும்பாகக் கிடக்கும் ஏராவிலிருந்து மேல்தட்டின் விளிம்பு வரை உள்ளே இருப்பது அத்தனையும் அதில் தெரியும். பாய் கிடையாது, முகப்புச் சிற்பம் கிடையாது, கொடி கிடையாது. கடையில் விற்கும் பெட்டியை வாங்கி, வெட்டி வைத்த துண்டுகளை ஒட்டுகிறவர்களும் உண்டு, அதில் தவறில்லை. நான் சொல்வது மரத்தை அறுப்பதிலிருந்து கடைசி மர ஆணி வரை எல்லாவற்றையும் கையாலேயே செய்கிற வேலையைப் பற்றி.

எங்கள் ஊரான உத்திரமேரூருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லை; எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரிதான். ஆனாலும், ஒன்றை வெட்டிப் பார்த்து ரசிக்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது இந்த ஊர்தான். குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். பல்லவர் காலத்து விமானம் அது. மூன்று தளங்களிலும் கருவறை உண்டு: கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். தெருவில் நின்று பார்த்தால் மற்ற விமானங்களைப் போலத்தான் இருக்கும். படியேறிச் சுற்றி வரும்போதுதான், காலடியில் ஒரு கருவறை, தலைக்கு மேல் ஒரு கருவறை என்றால் இந்தப் பாரமெல்லாம் எந்தச் சுவர் வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்ற கேள்வி எழும். அதற்கு வெட்டுமுகப் படம் ஒன்றுதான் பதில் சொல்லும். கப்பலிலும் எனக்கு இருப்பது அதே கேள்விதான்.

துண்டு செய்வதற்கு நான் எடுத்துக்கொண்ட கப்பலின் பெயர் திருகோணமலை. ஆங்கிலேயர் வாயில் ‘டிரிங்கோமலி’. பம்பாய்த் துறையில் ஜம்சேத்ஜி பொமான்ஜி வாடியா என்ற பார்சி தலைமைக் கப்பல்தச்சரின் பொறுப்பில் 1816-ல் தொடங்கி, 1817 அக்டோபர் 12-ல் நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பல். இதன் வடிவம் ஆங்கிலேயருடையதே அல்ல. ழாக்-நொயேல் சானே என்ற பிரெஞ்சு வல்லுநர் வரைந்த ‘எபே’ என்ற கப்பலை 1782-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதன் அழகையும் வேகத்தையும் பார்த்து, அளந்து, அதே வடிவில் தங்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொண்டார்கள். பம்பாய்க்கு அனுப்பிய முதல் வரைபடம் வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் ஒன்று தோற்கடித்துவிட்டது. இன்னொரு படி அனுப்பித்தான் வேலை தொடங்கியது. பிரெஞ்சுக்காரர் வரைந்ததை, பார்சிக்காரர், மலபார்த் தேக்கில் கட்டி, தமிழ் ஊரின் பெயரோடு கடலில் விட்டார். அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. மிதந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் அதுதான் மிகப் பழையது. ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கிலுள்ள எண்ணெய் அதைக் காக்கும். பம்பாய்க் கப்பல்களின் ஆயுளுக்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் மாதிரி செய்கிறவனுக்கு முதல் சோதனை. அசல் தேக்கில் கட்டிய கப்பல் என்பதற்காக மாதிரியையும் தேக்கில் செய்தால் கெட்டுப்போகும். 48 அடிக்கு 1 அடி என்ற அளவில் செய்கிறோம். கப்பலின் ஓர் அடி நமக்குக் கால் அங்குலம். கப்பலின் அகலம் ஏறத்தாழ 40 அடி, நம் துண்டின் அகலம் 10 அங்குலம். தேக்கின் கண்துளையும் ரேகையும் இந்த அளவுக்குச் சுருங்காது. கால் அங்குலச் சட்டத்தில் தேக்கின் ரேகை ஓடினால், 40 அடிக் கப்பலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு இருப்பதுபோல் தோன்றும். ஆகவே ரேகை கண்ணுக்குத் தெரியாத, நெருக்கமான மரம் வேண்டும். மேல்நாட்டார் பாக்ஸ்வுட்டையும் பேரிக்காய் மரத்தையும் தேடுவார்கள். நமக்கு மஞ்சக்கடம்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் சீப்பு செய்த மரம். இளமஞ்சளாக, உளி எந்தப் பக்கம் போனாலும் சிம்பு தெறிக்காமல் வெட்டுப்படும். தட்டுப் பலகைக்கு வெட்பாலை. தைலத்துக்காக இலை பறிக்கிற அதே மரம்தான்; அதன் கட்டை தந்தம்போல் வெளுப்பு. சன்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடைவது இதில்தான். கப்பலின் வெளிப்பக்கத்தில் கறுப்பாக ஓடும் தடித்த பலகைப் பட்டைக்கு உடைந்துபோன ஒரு கருங்காலி உலக்கை போதும். சாயம் பூசாமல், மரத்தின் சொந்த நிறத்திலேயே இத்தனை நிறங்களும் வந்துவிடுகின்றன. சாயம் பூசிய துண்டுகளை நான் இரண்டாம் தரமாகத்தான் மதிப்பேன்.

விலாச்சட்டம்தான் இந்த வேலையின் உயிர். இத்தனை பெரிய வளைவை ஒரே மரத்தில் எடுக்க முடியாது. ஏராவின் மேல் குறுக்கே ஒரு துண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் மேலே ஒன்றன்மேல் ஒன்றாகப் பல துண்டுகள் என்று அடுக்கி வளைவைக் கொண்டுவருவார்கள். அப்படி ஓர் அடுக்கு செய்து, அதன் முதுகோடு இன்னோர் அடுக்கைச் சேர்ப்பார்கள். முதல் அடுக்கில் மூட்டு வருகிற இடத்தில் இரண்டாம் அடுக்கில் முழுமரம் இருக்கும், கொத்தனார் செங்கல் வரிசையில் இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல் பார்த்துக்கொள்வதுபோல. முழுக்கப்பல் மாதிரியில் பலகை மூடிய பிறகு இதை யாரும் பார்க்கப் போவதில்லை. அதனால் பலர் ஒட்டுப்பலகையில் ஒரே வெட்டாக வெட்டி வைத்துவிடுவார்கள். நடுத்துண்டில் ஒளிக்க இடமே கிடையாது. வெட்டுமுகத்தில் ஒவ்வொரு மூட்டும் கண்ணுக்கு நேரே நிற்கும். ஒரு மூட்டில் முடி அளவு இடைவெளி இருந்தாலும் வெளிச்சம் அதன் வழியே எட்டிப்பார்க்கும்.

கப்பலின் நடுப்பகுதியில் விலாச்சட்டங்கள் ஏறத்தாழ ஒரே வடிவம். முன்னும் பின்னும் போகப்போகத்தான் ஒவ்வொன்றும் மாறும். ஆகவே நடுத்துண்டு சுலபம் என்று சொல்வோர் உண்டு. எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதே இதன் கடினம் என்பேன். பத்துச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, ஒரு பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், வழிதவறிய ஒன்று உடனே தெரிந்துவிடும். அப்போது உப்புத்தாளைக் கையில் எடுக்கத் தோன்றும். எடுக்கக் கூடாது. சட்டத்தைக் கழற்றிப் புதிதாகச் செய்வதுதான் முறை.

விலாவும் குறுக்கு உத்தரமும் சேரும் மூலைகளில் முழங்கால்போல் வளைந்த தாங்கு கட்டைகள் வரும். இவற்றை நேர்ப்பலகையில் வளைவாக அறுத்து எடுத்தால், ரேகை பாதியில் அறுபட்டு, பாரம் விழும்போது அந்த இடத்தில்தான் முறியும். அதனால் அன்றைய கப்பல்தச்சர்கள் அடிமரமும் கிளையும் பிரிகிற கவட்டையைத் தேடிக் காட்டில் அலைந்தார்கள்; அங்கே ரேகையே வளைவோடு ஓடும். பக்கத்துக் கிராமத்தில் மாட்டு ஏர் செய்துவந்த வயதான ஆசாரி ஒருவரிடம் இதைக் காட்டியபோது, “இது நம்ம கலப்பைக்கு மரம் பாக்கற மாதிரிதான் தம்பி. வளஞ்ச கருவேலங் கெளையாத்தான் பாத்து வெட்டுவோம்” என்றார். “கொய்யாவுல பாரு, சின்னச் சின்னக் கவட்டையா எவ்வளவு வேணும்னாலும் கெடைக்கும்” என்றும் சொன்னார். கொய்யா மரம் கெட்டி, ரேகை தெரியாது, சுண்டுவிரல் கனத்துக் கவட்டை ஏராளம். 48-ல் ஒரு பங்குக் கப்பலுக்கு அது அளவெடுத்துப் பிறந்த மரம். கொய்யாக் கவட்டையில் செய்த தாங்கு கட்டையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தால், ரேகை உத்தரத்திலிருந்து கிளம்பி, மூலையில் திரும்பி, விலாவோடு இறங்கிப்போவது தெரியும். இதைக் கவனித்து ரசிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருக்காகவே இதைச் செய்யலாம்.

பலகையை விலாவோடு பிணைக்கும் மர ஆணியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுக்காது. கப்பலில் ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஆணி நமக்கு 0.8 மில்லிமீட்டர். அந்த அளவில் மரத்தைச் சீவினால் ஒடியும். மூங்கில் ஒன்றுதான் தாங்கும். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவிலுள்ள பகுதியைக் குச்சி குச்சியாகப் பிளந்து, நகைத்தொழிலாளர் வெள்ளிக்கம்பி இழுக்கும் கம்பியச்சில், பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு ஒவ்வொன்றாக இழுத்துவர வேண்டும். முதல் துளையில் குச்சியின் மூலைகள் போகும். அடுத்தடுத்த துளைகளில் உருளையாகும். கடைசித் துளையில் வரும்போது தையல் ஊசியின் பருமனில், வழுவழுவென்று, வளைத்தாலும் ஒடியாமல் இருக்கும். துளையில் ஒரு பொட்டுப் பசை, மெல்ல ஒரு தட்டு, மேலே நீட்டுவதை நறுக்கிப் பிளேடால் ஒரு சுரண்டல். லின்சீடு எண்ணெய் பூசியதும் ஒவ்வொரு ஆணியின் தலையும் பலகையைவிட ஒரு சாயல் மட்டும் கறுத்து, வரிசை வரிசையாகப் புள்ளி வைத்ததுபோல் தெரியும். அந்த ஒரு சாயலோடு நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்புப் புள்ளி வைத்துவிட்டால் கப்பலுக்கு அம்மை போட்டதாகிவிடும். பலகைகளுக்கு நடுவே கலப்பற்று அடைத்த கோட்டைக் காட்டவும் பென்சில் முனையால் விளிம்பில் ஒரு தேய்ப்பு போதும்.

எல்லாம் சேர்ந்து நின்ற பிறகு வெட்டுமுகத்தை நேருக்கு நேர் பாருங்கள். மேல்தட்டில் பீரங்கி. இந்த வகைக் கப்பலில் 18 பவுண்டுக் குண்டு போடும் பீரங்கிகள் 28, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 டன். அந்தப் பாரம் பலகைக்கு, பலகையிலிருந்து உத்தரத்துக்கு, உத்தரத்தின் நடுவில் தூணுக்கு, ஓரங்களில் தாங்கு கட்டைக்கு, அங்கிருந்து விலா வழியாக ஏராவுக்கு இறங்குகிறது. கீழிருந்து கடல் மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டும் சந்திக்கும் இடமெல்லாம் மரம் தடித்திருக்கிறது. சந்திக்காத இடங்களில் மெலிந்திருக்கிறது. பக்கச் சுவர் மேலே போகப்போக உள்பக்கம் சாய்வது அழகுக்காக மட்டுமில்லை; பீரங்கிகளின் பாரம் நடுவை நோக்கி நெருங்கினால் கப்பல் புரள்வது குறையும். உத்தரம் நடுவில் சற்று உயர்ந்திருப்பதால் தட்டில் ஏறிய அலை ஓரத்துக்கு ஓடிவிடும். பீரங்கித் தட்டுக்குக் கீழே, குனிந்தே நடக்க வேண்டிய இன்னொரு தட்டு. மாலுமிகள் தூளி கட்டித் தூங்கியது அங்கே. அதற்கும் கீழே தண்ணீர்ப் பீப்பாய்களும், கப்பல் கவிழாமல் இருக்க அடுக்கிய இரும்புக் கட்டிகளும். 10 அங்குல அகலத்துக்குள் ஒரு கப்பலின் வாழ்க்கை முழுதும் அடுக்கடுக்காக நிற்கிறது. பாய் விரித்த முழுக்கப்பல் இதில் பாதியைக்கூட நமக்குச் சொல்வதில்லை.

இந்தக் கலைக்கு மேல்நாட்டில் நீண்ட மரபு உண்டு. இங்கிலாந்தில் 17-ம் நூற்றாண்டிலேயே அடிப்பாகத்தைப் பலகையால் மூடாமல், எலும்புக்கூடு தெரிய மாதிரிகள் செய்தார்கள். கிரீனிச்சிலும் அமெரிக்காவின் அன்னாபொலிசிலும் அவை இருக்கின்றன. பிரான்சில் ழான் பூத்ரியோ 74 பீரங்கிக் கப்பல் ஒன்றைப் பற்றி மட்டும் நான்கு பெரிய தொகுதிகள் எழுதினார். ஒவ்வொரு மூட்டுக்கும் படம், ஒவ்வொரு ஆணிக்கும் அளவு. அந்த அக்கறையைப் பார்க்கும்போது எனக்கு நம் தோணிகளின் நினைவு வரும். வல்வெட்டித்துறையில் தமிழ் மேஸ்திரிகள் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல், ராபின்சன் என்ற அமெரிக்கரின் கைக்குப் போய், 1938-ல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கடலைத் தாண்டி அவ்வளவு தூரம் போகும் கப்பலைக் கட்டிய கைகள் காகிதத்தில் அல்ல, கண்ணிலும் மனத்திலும் அளவை வைத்திருந்தன. அந்த மேஸ்திரிகளின் விலாச்சட்டம் எப்படி மூட்டப்பட்டது, ஏராவோடு எப்படிச் சேர்ந்தது என்பதைக் காட்ட ஒரு சாண் அகலத் துண்டு இருந்தாலே போதும். அவர்களுடைய அறிவு முழுதும் அதில் தெரிந்துவிடும்.

இதைச் செய்யப் பெரிய பட்டறை வேண்டாம். மெல்லிய அலகுள்ள ரம்பம், இரண்டு மூன்று உளிகள், ஒரு மூலைமட்டம், அரம், கையால் சுற்றும் துளைக்கருவி இருந்தால் திண்ணையிலேயே உட்கார்ந்து செய்யலாம். பொறுமையும் கைப்பழக்கமும் உள்ள இளைஞர்கள் நம் கிராமங்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது தூத்துக்குடிக்குப் போக வேண்டும். சரக்கு ஏற்றும் மரத்தோணிகள் பழைய துறைமுகத்தில் இன்னும் நிற்கின்றன. அனுமதி கேட்டு உள்ளே இறங்கி, ஏரா, விலா, உத்தரம், பலகை என்று நடுப்பகுதியை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். கட்டிய மேஸ்திரி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். திருகோணமலைக் கப்பலுக்கு வரைபடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். தோணியின் நடுத்துண்டை இப்போதே செய்தாக வேண்டும்.