கனியை ஏந்திய கரங்கள்: 'ட்வைலைட்' நாவலும் அதன் வாசகர்களும்

ஒரு நூலைப் பற்றி வாசகர் அனைவரும் ஒரே கருத்தைக் கொண்டிருந்தால், திறனாய்வாளன் சொல்வதற்கு அதிகம் இருப்பதில்லை. அதே நூலை ஒருவர் கண்ணீர் மல்கப் பாராட்ட, மற்றொருவர் முகம் சுளித்து மூடிவைப்பாரேயானால், அங்கே ஆராயத்தக்க பொருள் உண்டு. 2005ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் வெளிவந்த 'ட்வைலைட்' என்னும் நாவல் அத்தகையது. அதன் ஆசிரியை ஸ்டெபனி மேயர் மார்மன் சபையைச் சேர்ந்தவர். மூன்று மக்களின் தாய். 2003 ஜூன் 2ஆம் நாள் விழித்தெழுந்தபோது நினைவில் நின்ற கனவொன்றையே கருவாகக் கொண்டு இக்கதையை எழுதியதாக அவர் கூறியிருக்கிறார். 2006, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் 'நியூ மூன்', 'எக்லிப்ஸ்', 'பிரேக்கிங் டான்' என்னும் தொடர் நாவல்கள் வந்தன. நான்கும் சேர்ந்து 10 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கின்றன. ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகளின் கைகளிலும் இவை தவழ்கின்றன. "இதைப் படிக்கவிடலாமா, சாமி?" என்று பெற்றோர் கேட்பதும் உண்டு.

கதை இதுதான். பீனிக்ஸ் நகரின் வெயிலை விட்டு, வாஷிங்டன் மாநிலத்தில் மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூருக்கு, அங்குக் காவல்துறைத் தலைவராக இருக்கும் தன் தந்தையோடு வாழ வருகிறாள் 17 வயதுப் பெல்லா. பள்ளியில் அவள் சந்திக்கும் எட்வர்டு கல்லன் மனிதன் அல்லன். இரத்தம் குடித்து வாழும் காட்டேரி. 1918இல் உலகை வாட்டிய இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயால் சிகாகோவில் உயிர் பிரியும் தறுவாயில் கிடந்தவனை, கார்லைல் என்னும் மருத்துவர் தம் இனத்தவனாக மாற்றிவிட்டார். அன்று முதல் அவனுக்கு என்றென்றும் வயது 17. கார்லைலின் குடும்பத்தார் மனித இரத்தத்தைத் தீண்டுவதில்லை என்னும் உறுதியோடு, விலங்குகளின் இரத்தத்தால் தாகம் தணித்து வாழ்பவர்கள். ஆயினும் பெல்லாவின் இரத்தம் எட்வர்டை வேறெந்த இரத்தத்தையும் விட வலிமையாக ஈர்க்கிறது. அவளை நேசிக்கவும் வேண்டும். அவளைக் கொல்லாதிருக்கவும் வேண்டும். இந்த இழுபறியே நாவலின் உயிர்.

பிளவுபட்ட வாசகர்கள்

இக்கதையை நேசித்தவர்கள் சொல்லும் காரணம் சிந்திக்கத்தக்கது. காத்திருக்கத் தெரிந்த ஒரு காதலனை இதிலே கண்டோம் என்கிறார்கள். எட்வர்டு தன் இச்சைக்கு அணைபோடுகிறான். உடலுறவுக்கு முன் திருமணம் என்பதில் பிடிவாதமாக நிற்கிறான். கட்டற்ற பாலுறவைக் கொண்டாடும் கதைகளுக்கு நடுவே, அடக்கத்தை அழகாக்கிய கதை என்று பல கிறிஸ்தவக் குடும்பங்கள் இதனை வரவேற்றன. நான்காம் நாவலில், தன் உயிருக்கே ஆபத்தான நிலையிலும் கருவை அழிக்க இசையாது, வயிற்றில் வளரும் குழந்தைக்காகப் போராடும் பெல்லாவைக் கண்டு, உயிரின் மேன்மையைப் போற்றுவோர் மகிழ்ந்தனர்.

மறுபக்கத்தாரின் குரல் வேறு. எட்வர்டு பெல்லாவின் அறைக்குள் அவளறியாமல் இரவில் நுழைந்து, அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் தன் நண்பன் ஜேக்கப்பைக் காணச் செல்லாதிருக்க, அவளது வண்டியின் இயந்திரத்திலிருந்து ஓர் உறுப்பைக் கழற்றிவிடுகிறான். அவன் பிரிந்து சென்றபோது, ஆபத்தை எதிர்கொண்டால் அவன் குரல் காதில் ஒலிக்கிறது என்பதற்காகவே பெல்லா செங்குத்தான பாறையிலிருந்து கடலில் குதிக்கிறாள். இவற்றையெல்லாம் காதலின் ஆழம் என்று 15 வயதுச் சிறுமிக்குக் கற்பிக்கலாமா என்று பெண்ணுரிமை பேசுவோர் வினவினர்.

சமய நோக்கிலும் எதிர்ப்பு எழுந்தது. 2009ஆம் ஆண்டில் நூலகங்களில் மிகுதியாக எதிர்க்கப்பட்ட நூல்கள் என அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இந்நூல்வரிசை ஐந்தாம் இடம் பெற்றது. சொல்லப்பட்ட காரணங்களுள் அதன் சமயப் பார்வையும் ஒன்று. அதே ஆண்டில் நடையைக் குறைகூறிய எழுத்தாளர் ஸ்டீபன் கிங், மேயருக்கு எழுதும் திறன் போதாது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

ஆசிரியையும் வாளாவிருக்கவில்லை. பெல்லா எப்போதும் காப்பாற்றப்பட வேண்டிய பேதையாகவே இருக்கிறாள் என்னும் குற்றச்சாட்டுக்கு விடையாக, 2015இல் 'லைஃப் அண்ட் டெத்' என்னும் நூலை வெளியிட்டார். அதில் பெல்லாவின் இடத்தில் ஓர் இளைஞன். எட்வர்டின் இடத்தில் ஒரு நங்கை. 2020இல் வந்த 'மிட்நைட் சன்' முதற்கதையை எட்வர்டின் உள்ளத்திலிருந்து மீண்டும் சொல்லியது. வாசகர் கருத்து நூலாசிரியரையே மீண்டும் எழுதவைத்த அரிய நிகழ்வு இது.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. ஒரு வாசகி இக்கதை மாந்தரை வைத்துத் தாமே ஒரு கதை எழுதினார். பெயர்கள் மாற்றப்பட்டு அது 2011இல் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்னும் காம நாவலாக வெளிவந்து உலகெங்கும் விற்றது. மூலக்கதையின் எட்வர்டிடம் அடக்கமும் இருந்தது, ஆதிக்கமும் இருந்தது. பல சிறுமியர் அடக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த வாசகி ஆதிக்கத்தை எடுத்துக்கொண்டார். ஒரே வயலில் ஒருவர் நெல்லையும் மற்றொருவர் களையையும் அறுத்துச் சென்றது போலாயிற்று.

மூடிய பின் எஞ்சுவது

ஆகவே, இது நல்ல நூலா, தீய நூலா என்னும் கேள்வி மட்டும் போதாது. வாசகரைப் பற்றியும் ஒரு கேள்வி வேண்டும். அதை நமக்குக் கற்றுத்தர இரு புனிதர்கள் இருக்கிறார்கள். இருவருமே தம் இளமையில் இத்தகைய காதற்கதைகளில் தோய்ந்தவர்கள்.

16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டில் மாயமும் வீரமும் காதலும் கலந்த குதிரைவீரர் கதைகளே இளையோரின் பித்து. அவிலா நகரத் தெரசாள் தம் அன்னையோடு அவற்றைப் படித்தார்; தந்தைக்குப் பிடிக்காது என்பதால் மறைவாகப் படித்தார். கையில் புதிய கதைநூல் இல்லாவிடில் மனநிறைவே இல்லை என்னும் அளவுக்கு அப்பழக்கம் தம்மைப் பற்றிக்கொண்டதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். இஞ்ஞாசியாரோ 1521இல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து, லொயோலா மாளிகையில் படுத்திருந்தபோது, அத்தகைய கதைகளையே கேட்டார். வீட்டில் அவை கிடைக்கவில்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் சரிதைகளுமே கிடைத்தன. அவற்றைப் படித்தும், இடையிடையே தம் உள்ளம் கவர்ந்த ஒரு சீமாட்டியைப் பற்றி மணிக்கணக்கில் கனவு கண்டும் நாள்களைக் கழித்தார். ஒருநாள் வேறுபாடு ஒன்று புலப்பட்டது. சீமாட்டியைப் பற்றிய கனவு நிகழும்போது இனித்தது. முடிந்தபின் உள்ளத்தை வறட்டிவிட்டது. புனிதர்களைப் போல் வாழும் கனவோ முடிந்தபின்னும் மகிழ்ச்சியை விட்டுச்சென்றது. ஆவிகளைத் தேர்ந்து தெளிதல் என்று நாம் இன்று சொல்லும் பயிற்சி, நோயாளி ஒருவர் தம் வாசிப்பின் பின்சுவையைக் கவனித்ததிலிருந்து பிறந்தது.

திருச்சபை 1559 முதல் 1966 வரை விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. அது கைவிடப்பட்டபின் நமக்கு எஞ்சியிருப்பது இந்த இஞ்ஞாசியார் வழியே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், உருவாக்கத்தில் இலக்கியத்தின் பங்கு குறித்து 2024 ஜூலை 17ஆம் நாளிட்ட மடலில், தாம் இளமையில் இயேசு சபைப் பள்ளியொன்றில் இலக்கியம் கற்பித்ததை நினைவுகூர்கிறார். பாடநூலை வீட்டில் படிக்கச் சொல்லிவிட்டு, மாணவர் விரும்பிய எழுத்தாளர்களை வகுப்பில் பேசியதாகச் சொல்கிறார். வாசகர் தாம் படிக்கும் நூலை ஒருவகையில் மீண்டும் எழுதுகிறார் என்பதும் அம்மடலின் கருத்து.

அவ்வாறெனில், 'ட்வைலைட்' நூலை மூடியபின் எஞ்சுவது யாது? நல்லவை சில எஞ்சுகின்றன. கார்லைல் 17ஆம் நூற்றாண்டு இலண்டன் நகரில் ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மகன். தந்தை செதுக்கிய மரச்சிலுவை இன்றும் அவர் இல்லத்தில் தொங்குகிறது. இரத்தத் தாகம் உள்ள ஒருவர், நாள்தோறும் காயங்களுக்கு மருந்திடும் மருத்துவராக வாழ்வதைவிட வலிய தன்னொறுத்தல் எது? தன்னைப் போன்றோர் ஆன்மாவை இழந்தவர் என நம்பும் எட்வர்டு, பெல்லாவின் ஆன்மா அழிந்துவிடும் என்று அஞ்சியே அவளைத் தன் இனமாக மாற்ற மறுக்கிறான். காதலியின் மீட்பைத் தன் இன்பத்துக்கு மேலாக வைக்கும் காதலன் இக்கால நாவல்களில் அரியன். கடவுளற்ற கதை என்று இதனை ஒதுக்கியோர் இப்பக்கங்களைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எஞ்சும் நஞ்சும் உண்டு. திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் சில இளம்பெண்கள், "மணிக்கொரு தரம் எங்கே இருக்கிறாய் என்று கேட்பார், சாமி, அவ்வளவு பாசம்" என்று பூரிப்போடு சொல்வதுண்டு. காவல் காப்பதையும் காதலிப்பதையும் பிரித்தறியாத நெஞ்சுக்கு, எட்வர்டின் இரவுக் காவல் இனிக்கவே செய்யும். மணவாழ்வில் அதே காவல் சிறையாகும்போது அவளைக் காப்பாற்ற நாவலாசிரியை வரமாட்டார். இதிலே பெண்ணுரிமையாளரின் எச்சரிக்கையோடு குருவானவனின் எச்சரிக்கையும் ஒன்றுபடுகிறது.

அட்டையில் உள்ள கனி

ஆயினும் இந்நூலைப் பற்றிய முதன்மையான கேள்வி அதன் அட்டையிலேயே இருக்கிறது. கருமையான பின்னணியில் வெளிறிய இரு கரங்கள் ஒரு செந்நிற ஆப்பிளை ஏந்தி நீட்டுகின்றன. நூலின் முகப்பில் ஆசிரியை பொறித்திருப்பது தொடக்கநூல் இரண்டாம் அதிகாரத்தின் 17ஆம் வசனம்: நன்மை தீமை அறியும் மரத்தின் கனியை உண்ணாதே, உண்டால் சாவாய் என்னும் பொருளுடைய இறைக்கட்டளை. அக்கனி தேர்வுரிமையின் அடையாளம் என்பது ஆசிரியையின் விளக்கம்.

ஆனால் நான்கு நூல்களும் எங்கே சென்று முடிகின்றன? இரண்டாம் நாவல், பெல்லா தன் 18ஆம் பிறந்தநாளுக்கு நடுங்குவதோடு தொடங்குகிறது. முதியவளாகத் தன்னையே கனவில் கண்டு அஞ்சுகிறாள். எட்வர்டு என்றும் 17இல் நிற்க, தான் மட்டும் முதிர்வதை அவளால் தாங்க இயலவில்லை. நான்காம் நாவலின் முடிவில் அவள் விரும்பியது அனைத்தும் கைகூடுகிறது: சாகாத உடல், குறையற்ற அழகு, கணவன், குழந்தை. எட்வர்டு அஞ்சிய ஆன்ம இழப்பு பற்றிய கேள்வியோ விடையின்றியே மங்கிப்போகிறது. முகப்பில் ஒலித்த கட்டளை, உண்டால் சாவு வரும் என்றது. முடிவில் கதை சொல்வது, உண்டாலும் சாவு வராது என்பது. தொடக்கநூலின் அடுத்த அதிகாரத்தில் அதைச் சொன்னது யார் என்பதை நம் மறைக்கல்வி மாணவர் எவரும் அறிவர்.

இதுவே இந்நாவலின்மீது எனக்குள்ள முறையீடு. காட்டேரி வருவது குற்றமன்று. காதல் வருவது குற்றமன்று. முதுமையும் சாவும் இல்லாத வாழ்வையே நிறைவாழ்வு என்று அது நம்பவைக்கிறது. கிறிஸ்து வாக்களித்த நிலைவாழ்வு என்றும் இளமையோடிருப்பதன்று. அது சாவின் வழியாகச் சென்று, ஆணித் தழும்புகளோடு உயிர்த்தெழும் வாழ்வு. நரைத்த கூந்தலும் தளர்ந்த கைகளுமாய், நோயுற்ற கணவனுக்குக் கஞ்சி ஊட்டும் மூதாட்டியின் காதல் எட்வர்டு, பெல்லா இருவருக்கும் ஒருபோதும் வாய்க்காது. முதுமையைக் கண்டு அஞ்சும் இளையோருக்கு நாம் காட்ட வேண்டிய காதல் அதுவே.

அப்படியானால் படிக்கவிடலாமா? மறைத்துப் படித்த தெரசாளின் கதை நமக்குத் தெரியும். தடை மட்டும் எவரையும் காத்ததில்லை. மகள் படிக்கும் நூலைத் தாயும் படிக்கட்டும். படித்து முடித்தபின், நூல் நல்லதா என்று கேட்பதை விடுத்து, அதை மூடியபோது உன் உள்ளத்தில் எஞ்சியது என்ன என்று கேட்கட்டும். அவன் அவள் அறைக்குள் நுழைந்ததைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கட்டும். உன் பாட்டியின் முகச்சுருக்கத்தில் நீ காண்பது என்ன என்றும் கேட்கட்டும். இஞ்ஞாசியார் படுக்கையில் தனியே கண்டறிந்ததை, நம் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் தாயோடு பேசியே கண்டறிய இயலும்.