ஜிம்னியை எவ்வளவு உயர்த்தலாம்?

மாருதி சுஸுகி ஜிம்னியின் ஐந்து கதவு மாடல் 2023 ஜூனில் இந்தியச் சந்தைக்கு வந்தது. வாங்கியவர்கள் அன்றிலிருந்து அதிகம் விசாரிக்கும் மாற்றம் சஸ்பென்ஷன் லிஃப்ட். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி உடலை இரண்டு அங்குலம் தூக்கி, பெரிய டயரையும் மாட்டிவிட்டால் வண்டி எந்தக் காட்டுப் பாதையிலும் ஏறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கான விலையை, திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகத்துக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் ஓடும் ஓட்டத்தில்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. தினமும் ஓட்டும் வண்டிக்கு லிஃப்ட் தேவையா, தேவையென்றால் எவ்வளவு என்பதை வண்டியின் அளவுகளை வைத்தே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கிரவுண்ட் கிளியரன்ஸிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் அதிகம். ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மில்லிமீட்டர். இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் ஒரே துண்டான ரிஜிட் ஆக்சில். தரைக்கு மிக அருகில் தொங்குவது அந்த ஆக்சிலின் நடுவில் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் கூடு. ஸ்பிரிங் தூக்குவது ஆக்சிலுக்கு மேலே இருக்கும் சேஸியையும் உடலையும் மட்டும்தான். ஆக்சில் சக்கரங்களோடு தரையில்தான் நிற்கிறது. எனவே 50 மி.மீ. லிஃப்ட் போட்ட பிறகும் டிஃபரன்ஷியலுக்குக் கீழே இருக்கும் இடைவெளி ஒரு மி.மீ. கூடக் கூடுவதில்லை. அதைக் கூட்டக்கூடியது டயர் மட்டுமே. கம்பெனி தரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ. லிஃப்ட் போட்டவர்கள் விரும்பி மாட்டும் 235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 733 மி.மீ. வித்தியாசத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், அதாவது 20 மி.மீ. பாதை நடுவில் துருத்தி நிற்கும் பாறையில் டிஃபரன்ஷியல் இடிக்கிறது என்பதற்காக லிஃப்ட் கிட் வாங்குபவர், தன் சிக்கலுக்குத் தொடர்பில்லாத பொருளை வாங்குகிறார்.

மஹிந்திரா தாரின் நிலை சற்று வேறு. அதன் முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் என்பதால் முன் டிஃபரன்ஷியல் சேஸியோடு சேர்ந்து மேலே போகும். பின் ஆக்சில் அங்கும் பழைய இடத்தில்தான் இருக்கும். கூடவே முன் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்டுகள் கூடுதல் சாய்வில் சுழல்வதால் அவற்றின் ஜாயிண்ட்டும் ரப்பர் உறையும் விரைவில் தேயும். 226 மி.மீ. கிளியரன்ஸோடு வரும் வண்டிக்கு லிஃப்ட்டின் அவசரம் இன்னும் குறைவு.

அப்படியானால் லிஃப்ட்டால் பயனே இல்லையா? இருக்கிறது. ஐந்து கதவு ஜிம்னிக்கு அந்தப் பயன் குறிப்பாகப் பொருந்தும். வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,250 மி.மீ. பின்சீட்டுக்கு இடம் வேண்டி இந்திய மாடலில் அதை 340 மி.மீ. நீட்டி 2,590 ஆக்கினார்கள். முன் சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கும்போது வயிறு தட்டாமல் கடக்கும் கோணத்துக்கு ராம்ப் ஓவர் என்று பெயர். மூன்று கதவில் 28 டிகிரியாக இருந்த அது ஐந்து கதவில் 24 டிகிரியாகச் சுருங்கியது. மேட்டு வரப்பு, ஓடைக்கரை, தேயிலைத் தோட்டத்துப் பாதையின் முதுகு ஆகிய இடங்களில் இந்த வண்டி வயிறு தட்டி நிற்பதற்கு இதுதான் காரணம்.

இழந்த நான்கு டிகிரியை மீட்க எவ்வளவு உயரம் வேண்டும்? இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் வயிறு இருக்கும் உயரத்தையும் வீல்பேஸில் பாதியையும் வைத்துப் பள்ளிக்கூட முக்கோணவியல் கணக்கைப் போட்டால், தோராயமாக 48 மி.மீ. என்று விடை வருகிறது. என் வாதம் முழுவதும் இந்த எண்ணைச் சுற்றித்தான் நிற்கிறது. டயரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து 45 முதல் 50 மி.மீ. தந்தால் வண்டியை வடிவமைத்தவர்கள் முதலில் நினைத்த கோணம் திரும்பக் கிடைத்துவிடும். 75, 100 மி.மீ. என்று போகிறவர்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் தோற்றம்தான்.

நல்ல கிட்டின் இன்னொரு பலன் சக்கரத்தின் ஓட்டம். நீளமான ஷாக் அப்சார்பர் இருந்தால் குழிக்குள் இறங்கும் சக்கரம் இன்னும் கீழே நீண்டு தரையைத் தொட முடியும். தரையைத் தொடும் சக்கரத்தால்தான் வண்டியைத் தள்ள முடியும். கரடுமுரடான பாதையில் நீண்ட நேரம் ஓட்டும்போது எண்ணெய் சூடேறிக் கம்பெனி ஷாக்குகள் தளர்வதை அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள். தரமான மாற்று ஷாக்குகள் அந்தச் சூட்டைத் தாங்கும். உண்மையில், லிஃப்ட் போட்ட பிறகு வண்டி அருமையாகிவிட்டது என்று ஒருவர் சொல்லும்போது அவர் உணர்வது பெரும்பாலும் புதிய ஷாக்கின் பலனைத்தான். உயரத்தை மாற்றாமல் ஷாக்கை மட்டும் மாற்றியிருந்தாலும் அந்த மகிழ்ச்சியில் பெரும்பகுதி கிடைத்திருக்கும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இனி விலை. கிட்டுக்குக் கொடுக்கும் பணத்தைச் சொல்லவில்லை.

ஜிம்னியின் முன் ஆக்சிலை இரண்டு நீண்ட கைகள் சேஸியோடு பிணைத்திருக்கின்றன. சேஸி மேலே போனால் அந்தக் கைகள் கீழ்நோக்கிச் சாயும். ஆக்சிலும் தன் அச்சில் கொஞ்சம் உருளும். அதனால் கேஸ்டர் என்ற கோணம் குறைகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: அந்தச் சாய்வுதான் சக்கரத்தைத் தானாக நேருக்குத் திருப்புகிறது. கேஸ்டர் குறைந்த வண்டியில் வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் சோம்பலாகத் திரும்பும். நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் வண்டி அலைபாயும், ஓட்டுபவர் ஓயாமல் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்துகொண்டே இருப்பார். காட்டுப் பாதையில் 15 கி.மீ. வேகத்தில் இது தெரியவே தெரியாது. கோவையிலிருந்து சென்னைக்கு ஓட்டி வந்து இறங்கும்போது தோள்பட்டை சொல்லும். இதைச் சரிசெய்யத் தனி புஷ்களோ திருத்திய கைகளோ கிடைக்கின்றன. அவை கிட்டின் விலையில் சேராதவை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். கேஸ்டர் திருத்தம் இல்லாத லிஃப்ட்டை அரைகுறை வேலை என்றுதான் நான் சொல்வேன்.

ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது பான்ஹார்ட் ராடு. அதன் ஒரு முனை சேஸியில், மறுமுனை ஆக்சிலில். உடல் உயரும்போது அந்த ராடு வட்டவில்லில் சுழன்று ஆக்சிலைச் சில மி.மீ. ஒரு பக்கமாக இழுக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டால் தீரும். பிரேக் குழாய் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடாமல் இருக்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடினால் அதிர்வும், கிராஸ்களில் தேய்மானமும் வரும். ஜிம்னி குடும்பத்தில் பழைய தலைமுறையிலிருந்தே பேசப்படும் குறை ஒன்றும் உண்டு: குறிப்பிட்ட வேகத்தில் சிறு குழியில் பட்டதும் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் நடுங்கும் ஷிம்மி. தேய்ந்த கிங்பின் பேரிங், சமநிலை சரியில்லாத கனமான டயர், குறைந்த கேஸ்டர் மூன்றும் அதைத் தூண்டும். அவற்றில் இரண்டை லிஃப்ட் போடும் கையோடு நாமே சேர்த்து வைக்கிறோம்.

அடுத்தது ஸ்பிரிங்கின் விறைப்பு. ஒரு கிட் தினசரி வாழ்க்கைக்கு ஒத்துவருமா என்பதை முடிவு செய்வது இதுதான். இன்று இங்கே கிடைக்கும் நல்ல கிட்டுகளில் பல ஆஸ்திரேலிய மரபிலிருந்து வந்தவை. ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஓல்டு மேன் எமு அதற்குப் பேர்பெற்ற உதாரணம். அங்கே வண்டியில் இரும்பு புல்பார், வின்ச், குளிர்பதனப் பெட்டி, கூரையில் கூடாரம், கூடுதல் தண்ணீர், எரிபொருள் எல்லாம் நிரந்தரமாக ஏறியிருக்கும். அந்தப் பாரத்தில் தாழ்ந்துபோகும் வண்டியைச் சமநிலைக்குக் கொண்டுவரத்தான் விறைப்பான ஸ்பிரிங்குகள் உருவாயின. அதனால்தான் ஒரே உயரத்துக்கு வெவ்வேறு பாரத்துக்கான ஸ்பிரிங்குகளைத் தனித்தனியாக விற்கிறார்கள். சுமார் 1,200 கிலோ எடையுள்ள ஜிம்னியில் ஒருவர் மட்டும் மடிக்கணினிப் பையோடு அலுவலகம் போகும்போது, 150 கிலோ கூடுதல் பாரத்துக்கான ஸ்பிரிங் அசையவே மறுக்கும். நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகெலும்பு வரை வரும். வண்டியும் சொன்ன 40 மி.மீ.க்குப் பதில் 60 மி.மீ. உயர்ந்து நிற்கும், அத்தனை கோணங்களும் அந்தக் கணக்கில் கெடும். இந்தியாவில் லிஃப்ட் போட்டு வருந்தியவர்களில் கணிசமானோர் தவறான பாரத்துக்கான ஸ்பிரிங்கை வாங்கியவர்கள் என்பது என் கணிப்பு.

ஸ்பேசர் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பழைய ஸ்பிரிங்குக்கு மேலோ கீழோ ஒரு கட்டையைச் செருகி உயர்த்துவது மலிவு. ஷாக்கின் நீளம் மாறாததால் சக்கரம் கீழே நீளும் ஓட்டம் குறைந்து, குழியில் இறங்கும்போதெல்லாம் ஷாக் தன் எல்லையில் போய் அறையும். லிஃப்ட்டின் உருப்படியான பலன்களில் ஒன்றை லிஃப்ட்டே தின்றுவிடுகிறது. பழைய ஜிப்ஸியிலும் ஜீப்பிலும் பட்டை ஸ்பிரிங்குக்கு நீளமான ஷேக்கிள் வெல்டிங் செய்து தூக்கும் பட்டறை வேலையும் இந்த வகைதான். தினமும் குடும்பம் ஏறும் வண்டியில் இதற்கு இடமில்லை.

பெரிய டயருக்கும் கணக்கு உண்டு. 235/75 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது சக்கரம் அதற்கேற்ப அதிகம் உருண்டிருக்கும். வழக்கமாக ஸ்பீடோமீட்டர் சற்றுக் கூட்டியே காட்டும், அந்தப் பாதுகாப்பு இடைவெளி கரைந்துவிடும். 1.5 லிட்டர் எஞ்சின் தருவது 105 பி.எஸ்.தான். அதன் மேல் நீளமான கியரிங்கையும் கனமான சக்கரத்தையும் ஏற்றினால் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரே துணை. 215/75 ஆர்15 போட்டால் வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். ஆக்சிலுக்கு 5 மி.மீ. உயரம் கிடைக்கும், வண்டி தன் இயல்பை இழக்காது.

கவிழும் அபாயத்தை மிகைப்படுத்த வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கவிழும் வாய்ப்பை மதிப்பிடுகிறது. லிஃப்ட்டில் அகலம் மாறாது, உயரம் கூடும். வெறும் 1,645 மி.மீ. அகலமுள்ள வண்டிக்கு இது சிறிய விஷயம் இல்லை. ஈ.எஸ்.பி.யும் கம்பெனி உயரத்துக்கும் கம்பெனி டயருக்கும் அளவமைக்கப்பட்டது. கொல்லிமலையின் வளைவில் நிதானமாக இறங்குபவருக்கு 40 மி.மீ.யில் பெரிய ஆபத்து இல்லை. நெடுஞ்சாலையில் குறுக்கே மாடு வந்து சட்டென்று திருப்பும் நொடியில்தான் வித்தியாசம் தெரியும்.

சாலையில் நம்மோடு போகிறவர்களைப் பற்றி இந்த விவாதங்களில் யாரும் பேசுவதில்லை. உயர்ந்த வண்டியின் ஹெட்லைட்டை மறுபடி கீழே சரிசெய்யாவிட்டால் எதிரே வரும் இருசக்கர வாகனக்காரரின் கண்ணில் நேராக அடிக்கும். பம்பர் சிறிய காரின் பாதுகாப்புச் சட்டத்துக்கு மேலே போய் மோதும். பானெட்டுக்கு முன்னால் நிற்கும் குழந்தை இன்னும் மறையும். வீட்டுக்குள்ளேயே பார்த்தால், புடவையில் ஏற வேண்டிய அம்மாவுக்கும் முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும் ஐந்து சென்டிமீட்டர் பெரிய தூரம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பலர் லிஃப்ட்டை வெள்ளத்துக்கான காப்பாகவும் பார்க்கத் தொடங்கினார்கள். எஞ்சின் காற்று இழுக்கும் வாய் 50 மி.மீ. உயர்வது மெய். ஆனால் ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் பழைய இடத்திலேயே இருந்தால், சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் குளிர்ந்து அந்தத் தண்ணீரை உள்ளே இழுக்கும். பிரீதர் குழாயை நீட்டி மேலே கட்டுவது எளிய, மலிவான வேலை. வெள்ளத்துக்காகச் செய்வதென்றால் முதலில் அதைச் செய்யலாம்.

சட்டத்தையும் நேராகச் சொல்ல வேண்டும். பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாகவே விளக்கியது. அதே ஆண்டின் திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது. விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் இதையே காரணமாக்கலாம். ஒழுங்காகப் பொறியியல் செய்த 40 மி.மீ. லிஃப்ட்டையும் பட்டறையில் ஒட்டவைத்த ஷேக்கிளையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பது எனக்கு வருத்தம்தான். ஆஸ்திரேலியாவில் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் சோதித்துச் சான்று தரும் முறை இருக்கிறது. அத்தகைய வழி இங்கேயும் வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வரும்வரை, லிஃப்ட் போடுபவர் தன் பொறுப்பில்தான் போடுகிறார்.

என் தீர்ப்பு இது. மாதம் ஒருமுறை மண்பாதையில் போய்வருபவருக்கு 215/75 ஆல் டெரெய்ன் டயரும் நல்ல ஷாக்கும் போதும், லிஃப்ட் வேண்டாம். உண்மையாகவே வயிறு தட்டும் பாதைகளில் அடிக்கடி போகிறவருக்கு அதே டயரோடு 40 மி.மீ. ஸ்பிரிங், கேஸ்டர் திருத்தம், நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு, ஹெட்லைட் சரிசெய்தல் நான்கும் சேர்ந்தே வர வேண்டும். அதற்கு மேல் உயர்த்தப்படும் வண்டி, தினசரி ஓட்டத்துக்கான வண்டி என்ற நிலையை விட்டு விலகிவிடுகிறது.

கிட்டுக்குப் பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வழக்கமாக ஏறும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் உள்ள எடைமேடைக்குப் போய், முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாக எடைபோட்டு வாருங்கள். அந்த இரண்டு எண்களைக் கேட்காமல் ஸ்பிரிங் விற்க முன்வரும் கடையில் வாங்காதீர்கள்.